புதுத் துளை இல்லாமல்: ஒரு பழைய பேஸ் கிதாருக்கு மதுரையில் உதிரிபாகம் தேடிய நிகழ்வு ஆய்வு

திருமங்கலத்து மெல்லிசைக் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்று, பிறகு நெடுங்காலம் பரணில் கிடந்த ஜப்பானியத் தயாரிப்பு பேஸ் கிதார் ஒன்றை மீண்டும் மேடையில் வாசிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்த வேலையின் பதிவு இது. உடைந்தும் தேய்ந்தும் தொலைந்தும் போன பாகங்களுக்கு மாற்றுத் தேடுவதிலேயே உழைப்பின் பெரும்பகுதி கழிந்ததால், இந்த ஆய்வும் அந்தத் தேடலைப் பற்றியே பேசுகிறது. வேலையை எடுத்துக்கொள்ளும்போதே உரிமையாளரிடம் ஒரு நிபந்தனையைச் சொல்லி ஒப்புதல் பெற்றேன். கருவியின் உடலிலோ, கழுத்துப் பகுதியான நெக்கிலோ, அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கிலோ ஒரு புதுத் துளைகூடப் போடுவதில்லை, இருக்கும் துளையை அகலப்படுத்துவதும் இல்லை. கிடைக்கும் பாகத்துக்காகக் கருவியை வெட்டாமல், கருவிக்கு ஏற்ற பாகத்தைத் தேடுவது, கிடைக்காவிட்டால் செய்துகொள்வது. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த நிபந்தனையிலிருந்தே பிறந்தது.

இப்படி ஒரு நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மதுரை வட்டாரத்துப் பழைய கருவிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்காது. 1991க்கு முன்பு வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கடும் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், ஒரு பாகம் போனால் கைக்குக் கிடைத்ததைப் பொருத்திக் கச்சேரியை நடத்திவிடுவதே வழக்கமாக இருந்தது. அன்று அதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அப்படிப் போட்ட ஒவ்வொரு துளையும் அடுத்த பழுதுபார்ப்பவரின் வேலையைக் கடினமாக்கியிருக்கிறது. இந்தக் கருவியிலேயே ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒயரைச் செருகும் ஜாக் பொருத்தும் இடத்தில் இரண்டு துளைகளை எபாக்ஸி பசை கொண்டு அடைத்த தடம் இருந்தது.

கருவி வந்த நிலை

நான்கு தந்தி, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் இரண்டு, ஓரம் கறுத்து நடு மஞ்சளாக விரியும் வண்ணப்பூச்சு. நெக்கை உடலோடு இணைக்கும் பின்தகட்டில் ஜப்பானில் செய்யப்பட்டது என்ற முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. ஹெட்ஸ்டாக்கில் இருந்த நிறுவனப் பெயர்ப்பட்டை எப்போதோ உதிர்ந்து, இரண்டு ஊசித்துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் (நெக்கில் பதித்த சுரக்கம்பி) வரை அளந்தபோது 381 மி.மீ. வந்தது. தந்தியின் அதிரும் நீளம் அதன் இரு மடங்கான 762 மி.மீ., அதாவது 30 அங்குலம். ஃபெண்டர் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் 34 அங்குலமே இன்று பொதுவான அளவாக இருப்பதால், கடைகளில் கிடைக்கும் பேஸ் தந்திகளும் பெரும்பாலும் அந்த நீளத்துக்கு உரியவையே. கருவி ஷார்ட் ஸ்கேல், அதாவது தந்தி நீளம் குறைந்த வகை என்பதை முதல் நாளே உறுதிசெய்யாமல் தந்தி வாங்கப் போனால் பணம் வீண்.

குறைகளைச் சொல்கிறேன். ஜி தந்திக்குரிய கீ, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகி, இல்லை. ஈ தந்திக்குரிய கீ இறுக்கினால் நழுவியது. உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், தந்திக்கு ஒன்றாக இருக்க வேண்டிய நான்கு சேடில்களில் ஒன்றைக் காணோம், அந்த இடத்தில் ஆணித்துண்டு ஒன்று வளைத்து வைக்கப்பட்டிருந்தது. நெக் பக்கத்துப் பிக்கப் ஒலிக்கவே இல்லை. வால்யூம் கன்ட்ரோல் ஒன்று இறுகிக்கிடந்தது, இன்னொன்று கரகரத்தது. ஜாக் தகடு நடுவில் விரிந்திருந்தது. நட் பிளந்திருந்தது. பிரிட்ஜின் மேல் இருந்திருக்க வேண்டிய குரோம் மூடி இல்லை. நெக் மட்டும், பரணின் சூட்டில் இத்தனை ஆண்டுகள் கிடந்தும், வியக்கத்தக்க வகையில் நேராக இருந்தது. நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே வைத்த கம்பியான டிரஸ் ராட் கால் சுற்றுக்கு இணங்கித் திரும்பியது. அது திரும்பாமல் போயிருந்தால் இந்த வேலையை எடுத்துக்கொண்டே இருக்கமாட்டேன்.

பெயரைக் கொண்டு தேடுவதில் உள்ள சிக்கல்

கருவியின் பெயர் தெரிந்தால் பாகம் கிடைத்துவிடும் என்று உரிமையாளர் நம்பினார். பழைய புகைப்படங்களில் ஹெட்ஸ்டாக் தெரிகிறதா என்று குழுவில் உடன் வாசித்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். அந்த முயற்சி மதிப்புக்குரியது என்றாலும், 1960களின் ஜப்பானியக் கருவிகளைப் பொறுத்தவரை ஹெட்ஸ்டாக் பெயர் பெரிதும் உதவாது. ஒரே தொழிற்சாலை, வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்ட பெயர்களையெல்லாம் ஒட்டி ஒரே கருவியை அனுப்பியது. ஒரே பெயரை ஒட்டிய கருவிகள் வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தன. 1946இல் தொடங்கிய டெய்ஸ்கோ பல பெயர்களில் விற்றது. 1967இல் அது கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. மட்சுமோட்டோ நகரில் இயங்கிய மட்சுமோகு, வேறு நிறுவனங்களின் பெயர்களில் ஏராளமான கிதார்களைச் செய்துகொடுத்து 1987இல் மூடப்பட்டது. அத்தகைய தொழிற்சாலைகளின் உதிரிபாகங்களை இன்று அவற்றின் பெயரில் கேட்டு வாங்க முடியாது. பெயர் தெரியாத பாகத்துக்கும் அளவு உண்டு; அளவு தெரிந்தால் அதைக் கொண்டு தேடலாம்.

அமெரிக்கக் கருவியாக இருந்தால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணே காலத்தைச் சொல்லிவிடும். 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, அடுத்து வரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். இந்தக் கருவியில் இருந்த கன்ட்ரோல்களில் 500 கிலோ ஓம் என்ற மதிப்பும் ஏ என்ற எழுத்தும் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே கருவியின் வயதைத் துல்லியமாக நிறுவும் எண்ணத்தை விட்டுவிட்டு, அளவெடுக்கும் வேலைக்கு முழுக் கவனத்தையும் திருப்பினேன்.

வெர்னியர் காலிப்பரால் எடுத்த அளவுகளைப் பாகம் பாகமாக ஒரு தாளில் வரைந்து எழுதினேன். கீயின் தண்டு நுழையும் துளை 13 மி.மீ.; அதன் அடித்தகட்டில் திருகுத் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்; தண்டின் விட்டமும் உயரமும்; ஹெட்ஸ்டாக்கின் தடிமன்; பிரிட்ஜில் அடுத்தடுத்த தந்திகளின் இடைவெளி 17 மி.மீ.; கன்ட்ரோலின் கழுத்துத் துளை 7 மி.மீ.; அதன் தண்டு 6 மி.மீ. இன்று பரவலாகக் கிடைக்கும் பேஸ் கீகள் பலவற்றுக்கு 17.5 மி.மீ. அளவில் துளை வேண்டும். ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜின் தந்தி இடைவெளி 19 மி.மீ. எல்லா பேஸுக்கும் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தப்படும் பாகங்கள் இந்தக் கருவியில் ஏன் உட்காராது என்பதற்கு இந்த எண்களே போதிய விடை. இணையவழி விற்பனையாளர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு பிரிட்ஜை, துளையை மாற்றிப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்க முயன்றார். மரத்தில் போட்ட துளையைத் திரும்பப் பெற முடியாது என்பதை அவருக்கு எழுதிவிட்டு நகர்ந்தேன்.

பிக்கப்: மோட்டார் காயில் கட்டும் பட்டறையில்

இந்த வேலையில் மதுரையின் கைத்தொழில் மிக அதிகமாகத் துணைநின்றது பிக்கப் விஷயத்தில்தான். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்தபோது 6.8 கிலோ ஓம் காட்டியது. நெக் பக்கத்துப் பிக்கப்பில் மீட்டர் அசையவே இல்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இத்தகைய அறுப்பு பெரும்பாலும் சுருளின் தொடக்கத்திலோ முடிவிலோ, வெளி ஒயரோடு பற்றவைத்த இடத்தில் நிகழும். முடிவுப் பக்கம் அறுந்திருந்தால் ஒரு சுற்றை அவிழ்த்துப் பற்றவைத்தால் போதும். தகர மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சுருளின் அடிப்பகுதியில் கம்பி பச்சை பூத்து, நகம் பட்டாலே பொடியாகும் நிலையில் இருந்தது. ஈரமும் பற்றவைக்கும்போது தடவிய பழைய ஃப்ளக்ஸும் சேர்ந்து செம்பைத் தின்றிருக்கின்றன. அடியில் அரித்த சுருளைக் காப்பாற்ற வழியில்லை. முழுவதையும் அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

பிக்கப்புக்குப் பதில் வேறு பிக்கப் வாங்கிப் போடலாமே என்று உரிமையாளரின் மகன் கேட்டார். கிடைக்கும் பிக்கப்புகள் இந்தக் குழிக்குள் இறங்காது, மரத்தைக் குடைய வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம் ஒலி பற்றியது: பழைய காந்தமும் தகர மூடியும் அதே உருவமும் இருக்கும்போது, கம்பியை மட்டும் மாற்றினால் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்போடு அதன் குரல் ஒத்துப்போகும்.

பிக்கப் சுற்றும் கம்பியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. அளவில் பேசுகின்றன. பொதுவாக வழங்கும் 42ஆம் எண் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.063 மி.மீ. நம் ஊர்க் காயில் கடைகளோ எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரித்தானிய அளவில் கம்பி விற்கின்றன. முனிச்சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் 42 கேஜ் கம்பி கேட்டால், "42ஆ? இந்தாங்கண்ணே, எத்தனை கிராம்?" என்று உடனே எடுத்துக் கொடுப்பார்கள், அது 0.10 மி.மீ. கம்பி. குறுக்குப் பரப்பில் இரண்டரை மடங்குக்கும் மேல் பெருத்த அந்தக் கம்பியைச் சுற்றினால், பாதிச் சுற்றுகளுக்குள் கம்பி சுற்றும் சட்டமான பாபின் நிறைந்துவிடும், மின்தடையும் ஒலியும் கீழே போய்விடும். அமெரிக்க 42க்கு நெருங்கிய இணை எஸ்.டபிள்யூ.ஜி. 46ஆம் எண், அதாவது 0.061 மி.மீ. கம்பி. அந்தப் பட்டறையில் பம்புசெட் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் உரிய தடித்த கம்பிகளே இருந்தன; ரிலே காயிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றும் ஒருவரிடம் 46 கிடைத்தது. எண்ணை நம்பாமல், கம்பியின் மின்காப்புப் பூச்சான எனாமலோடு சேர்த்து மைக்ரோமீட்டரில் அளந்தே வாங்கினேன்.

எனாமலையும் கவனிக்க வேண்டும். மோட்டாருக்குச் சுற்றும் கம்பிகளின் பூச்சு வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. பற்றவைப்புக் கோலின் சூட்டுக்கு அது எரியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுரண்டினால் அறுந்துபோகும். பாலியூரித்தேன் பூச்சுள்ள கம்பியானால் ஈயம் உருகும் கோலின் முனையிலேயே பூச்சு எரிந்து செம்பு ஈயம் பிடித்துக்கொள்ளும். கடையில் ஒரு முழம் கம்பி கேட்டு வாங்கி, அங்கேயே ஈயத்தில் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை சுற்று என்பதற்குப் பழைய சுருள் விடை தரவில்லை. அவிழ்க்கும்போதே துண்டு துண்டாக உதிர்ந்தது. ஆகவே பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் மின்தடையையே இலக்காக வைத்துக்கொண்டேன். இங்கே மதுரையின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். பட்டறைக்குள் 35 டிகிரி இருந்தபோது காட்டிய 6.8 கிலோ ஓம், 20 டிகிரியில் 6.4 அளவுக்கே இருக்கும். வெளிநாட்டு அட்டவணைகளில் உள்ள மதிப்புகளை நம் மே மாத அளவீட்டோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வர நேரிடும். இரண்டு பிக்கப்புகளையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், சுற்றி முடித்த சூடு தணிந்த பிறகு அளந்தால் இந்தச் சிக்கல் எழாது. அந்த மின்தடைக்கு வேண்டிய கம்பியின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுமேல் வருகிறது. ரிலே காயில் சுற்றுபவரின் கைச்சுற்று இயந்திரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி இருந்தது. கம்பியை விரலால் இழுக்காமல், இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு நடுவே நழுவவிட்டு, பாபினின் இரு ஓரங்களுக்கும் சீராகப் பரவும்படி அவரே சுற்றினார். மோட்டார் சுற்றும் கைக்கு இருக்கும் பொறுமையும் இழுவிசை உணர்வும் ஒரு கிதார் கடைக்காரருக்கு எளிதில் வராது என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தபோது உணர்ந்தேன்.

அவிழ்ப்பதற்கு முன்பே காந்தத்தின் எந்த முகம் மேலே இருந்தது, கம்பி எந்தத் திசையில் சுற்றப்பட்டிருந்தது என்ற இரண்டையும் குறித்து வைத்திருந்தோம். இவற்றில் ஒன்று மாறினாலும் இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது அடிநாதம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துபோகும். சரிபார்க்க ஒரு முள் மீட்டர் போதும்: திருப்புளியின் முனையைப் பிக்கப்பின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தால், இரண்டு பிக்கப்புகளிலும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும். துள்ளியது. பிறகு பாரஃபினோடு சிறிது தேன்மெழுகு கலந்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, சூடு 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு சுருளை அதில் அமிழ்த்தினோம். காற்றுக்குமிழி வருவது நின்றபோது வெளியே எடுத்தோம். பிளாஸ்டிக் பாபின் என்பதால் நேரடி நெருப்பில் மெழுகை உருக்கக் கூடாது.

கீயும் சேடிலும்

ஈ தந்தியின் கீ தேய்ந்துவிட்டது என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிரீஸைத் துலக்கிப் பார்த்தபோது பல்சக்கரத்தின் பற்கள் நல்ல நிலையில் இருந்தன. சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகுதான் தளர்ந்திருந்தது. அந்தத் திருகை இறுக்கி, அடியில் ஒரு மெல்லிய வாஷர் சேர்த்ததும் நழுவல் நின்றது. புதிய பாகத்தைத் தேடுவதற்கு முன் பழையதை முழுவதுமாகச் சுத்தம் செய்து பார்ப்பது எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பதற்கு இது ஒரு சான்று.

தொலைந்த ஜி கீக்குத்தான் மிக நெடிய தேடல். இங்கே நம் வட்டாரத்தின் ஒரு வளத்தைக் குறிப்பிட வேண்டும். திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மெல்லிசைக் கச்சேரி கொடிகட்டிப் பறந்த காலத்தில், மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பகுதிகளில் குழுக்கள் நிறைய இருந்தன. திரைப்பாடல்களின் பேஸ் நடை அத்தனை நுணுக்கமாக வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பேஸ் வாசிப்பவருக்குக் குழுவில் தனி இடம் இருந்தது. பிறகு கீபோர்டிலேயே பேஸையும் வாசித்துவிடும் வழக்கம் வந்தபோது அந்த கிதார்கள் பரணுக்குப் போயின. உடைந்த கருவிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. தேவாலயப் பாடகர் குழுக்களின் சாமான் அறைகளிலும் இருக்கின்றன. கடைகளைவிட இந்தப் பரண்களே பழைய பாகங்களின் உண்மையான கிடங்கு. ஆனால் எவரிடமும் நல்ல கருவியைப் பிரித்து ஒரு பாகம் தரும்படி கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை ஊனமாக்குவது சீரமைப்பு ஆகாது.

திண்டுக்கல்லில் ஒரு முன்னாள் கலைஞரின் வீட்டில், நெக் முறிந்து இனி வாசிக்க முடியாத கிதார் ஒன்றிலிருந்து ஏறக்குறைய இதே அளவுள்ள கீ கிடைத்தது. "எடுத்துட்டுப் போங்க தம்பி, எங்கயாவது சத்தம் கேட்டா சரி" என்று மனமுவந்து கொடுத்தார். அது எதிர்ப்பக்கத்துக் கீ. இந்தக் கருவியின் ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு இரண்டு கீகள் உள்ளன. இடப்பக்கத்துக் கீயை அரைவட்டம் திருப்பி வலப்பக்கம் வைத்தால் திருகுத் துளைகள் பொருந்தலாம், கைப்பிடியும் வெளிப்பக்கம் நிற்கும். ஆனால் பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகுச்சுருள் தண்டின் மறுபுறத்துக்குப் போய்விடுவதால் இறுக்கும் திசை மற்ற மூன்று கீகளுக்கும் எதிராகிவிடும். மேடையில் அவசரமாகச் சுருதி சேர்க்கும்போது கை பழக்கத்தில் தளர்த்திவிடும். அதைத் தற்காலிகமாகப் பொருத்தி மற்ற வேலைகளை முடித்தேனே தவிர, நிரந்தரமாக விட மனம் ஒப்பவில்லை.

இறுதியில் ஜப்பானில் பழைய கிதார் பாகங்களை மட்டும் விற்கும் ஒருவருக்கு, பெயர் எதையும் குறிப்பிடாமல், அளவு வரைபடத்தையும் மீதியுள்ள கீயின் முன், பின், பக்கவாட்டுப் படங்களையும் காலிப்பரோடு சேர்த்து எடுத்து அனுப்பினேன். வலப்பக்கக் கீ ஒன்று அவரிடம் இருந்தது. பொதியின் மேல் பயன்படுத்தப்பட்ட இசைக்கருவிப் பாகம், ஒன்று என்று தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். சுங்க அட்டவணையில் மின் கிதார்கள் 9207 என்ற தலைப்பிலும், இசைக்கருவிகளின் பாகங்களும் தந்திகளும் 9209 என்ற தலைப்பிலும் வருவதால், விவரம் மங்கலாக இருந்தால் பொதி தேவையில்லாமல் தேங்கிவிடும். மொத்தச் செலவில் பெரிய பங்கு இந்தச் சிறு பாகத்துக்கும் அதன் தபாலுக்குமே போனது. திண்டுக்கல் கீயைக் கொடுத்தவரிடமே திருப்பித் தந்தோம்.

சேடிலுக்கு அத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மிஞ்சிய மூன்றில் காந்தம் ஒட்டவில்லை, குரோம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது, பித்தளை. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை ஒன்றில் 8 மி.மீ. பித்தளைக் கம்பியில் ஒன்றைக் கடைந்து தரும்படி கேட்டபோது, "ஒரே ஒரு பீஸுக்கா டூல் செட் பண்ணணும்ணே?" என்று தயங்கினார்கள். நியாயமான தயக்கம். அவர்களுடைய வேறு பித்தளை வேலை ஓடும் நாள்வரை காத்திருக்க ஒப்புக்கொண்டதும் செய்துகொடுத்தார்கள். உயரத் திருகுகள் மூன்று மி.மீ. மெட்ரிக் மரை; அமெரிக்கப் பாணி சேடில்களில் உள்ள அங்குல மரைத் திருகு இதில் ஏறாது, ஏற்றினால் மரை அழியும். தந்தி உட்காரும் பள்ளத்தை மட்டும் பட்டறையில் வெட்டச் சொல்லவில்லை. பிரிட்ஜில் வைத்து, தந்தியை இழுத்துக் கட்டி, பக்கத்துத் தந்தியிலிருந்து 17 மி.மீ. வரும் இடத்தைக் குறித்த பிறகு அரத்தால் நானே இழைத்தேன். நிக்கல் முலாம் பூசியதும் மற்ற மூன்றிலிருந்து அது சற்றே பளபளப்பாகத் தெரிகிறது. அதைச் செயற்கையாகப் பழையதாக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பின்னால் பார்ப்பவருக்கு எது புதியது என்று தெரிய வேண்டும்.

மின் பாகங்கள்

இவை எளிதில் முடிந்தன. கரகரத்த கன்ட்ரோலுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாற்பது ஐம்பது முறை திருப்பியதும் சரியானது. இறுகியதை உயிர்ப்பிக்க முடியவில்லை. டவுன் ஹால் ரோடு கடைகளில் 500 கிலோ ஓம் கன்ட்ரோல் கிடைக்கும். ஆனால் கேட்காமலே கொடுப்பது, திருப்பும் அளவுக்கு நேர்விகிதத்தில் மதிப்பு மாறும் லீனியர் வகை. வால்யூமுக்கு வேண்டியது லாக் வகை. உடலில் லாக் வகையைக் குறிக்கும் ஏ என்று அச்சிட்டிருந்தாலும் மீட்டரில் பார்த்துவிட வேண்டும்: தண்டைப் பாதித் தூரம் திருப்பி அளந்தால் லீனியர் மொத்த மதிப்பில் பாதியைக் காட்டும், லாக் பத்திலிருந்து இருபது சதவீதம்வரை மட்டுமே காட்டும். தண்டு 6 மி.மீ. பிளவுத் தண்டாக இருந்தால்தான் பழைய குமிழ் ஏறும். அமெரிக்கப் பாகங்களின் 6.35 மி.மீ. தண்டில் அடித்து ஏற்றினால் பழைய பிளாஸ்டிக் குமிழ் வெடித்துவிடும். டோனுக்குரிய 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் அளவு மாறாமல் இருந்ததால் அதை அப்படியே விட்டேன். தேவைப்படுவோர் கடையில் 473 என்று கேட்டால் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஜாக்கை நம் கடைகளில் பி-38 சாக்கெட் என்றே கேட்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் வகை மலிவு, ஆனால் பிளக்கை இழுக்கும்போது அதன் மரை சீக்கிரம் விட்டுவிடும். உலோகக் கழுத்துள்ள திறந்த வகையைத் தேடி வாங்கினேன். விரிந்த ஜாக் தகட்டுக்குப் பதிலாக, பெயர்ப்பலகை வெட்டும் கடையில் ஒன்றரை மி.மீ. பித்தளைத் தகட்டை அதே உருவத்தில், பழைய நான்கு துளைகள் விழும் இடத்திலேயே துளையிட்டு வெட்டி வாங்கினோம். அதன் விளிம்பு எபாக்ஸி அடைப்பையும் மறைத்துக்கொண்டது. பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் ஒயர் அறுந்திருந்தது, பற்றவைத்தேன். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கியது.

தந்தி

மதுரைக் கடைகளில் 45 முதல் 105 வரையான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) நெடிய தந்தித் தொகுதி கிடைத்தது. அதை வெட்டிப் போட்டால் போதும் என்பது பொதுவான அறிவுரை. நெடிய தந்தியை 30 அங்குலக் கருவியில் கட்டினால், முனை மெலியும் பகுதி கீயின் தண்டுக்கு வருவதற்குப் பதில், முழுத் தடிமனுள்ள பகுதியே தண்டில் வளைந்து சுற்றும். மேற்சுற்றுக் கம்பி அங்கே விரிந்து, ஒலி செத்துவிடும். ஷார்ட் ஸ்கேல் தொகுதியையே வரவழைத்தோம். வாங்குமுன், தந்தியின் முனையிலுள்ள குண்டு நிற்கும் இடத்திலிருந்து நட் வரையுள்ள நீளத்தை, ஸ்கேலை மட்டும் பாராமல், பிரிட்ஜின் பின்பகுதியையும் சேர்த்து அளந்து விற்பவரிடம் சொன்னேன்.

இத்தனை பழைய நெக் தந்தியின் இழுவையைத் தாங்குமா என்று உரிமையாளர் அஞ்சினார். ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதியில் கட்டும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34 அங்குலத்தோடு ஒப்பிட்டால் 30 அங்குலத்தில் அது 22 சதவீதம் குறைவு. அதனால் மிக மெல்லிய தந்தியைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. மெல்லியதைப் போட்டால் தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிபடும். எலும்பில் இழைத்த புதிய நட்டோடு, வழக்கமான தடிமனையே கட்டி, ஒரு வாரம் சுருதியில் நிறுத்தி வைத்துவிட்டு நெக்கை மறுபடி பார்த்தபோது, டிரஸ் ராடில் மிகச் சிறிய திருத்தம் போதுமானதாக இருந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டெழுப்பிய ஒத்திசைச் சுரமும் நான்கு தந்திகளிலும் ஒன்றாக வரும்வரை சேடில்களை நகர்த்தினேன். புதிய சேடிலும் தன் வரம்புக்குள்ளேயே நின்றது.

மாற்றாமல் விட்டவை

வண்ணப்பூச்சில் விழுந்த வெடிப்புகளைத் தொடவில்லை. வளைந்த முகப்புத் தகட்டை நிமிர்த்தச் சூடு காட்டினால் அது உடையும் வாய்ப்பே அதிகம் என்பதால் அதையும் விட்டுவிட்டேன். பிரிட்ஜின் குரோம் மூடிக்கு இதுவரை மாற்றுக் கிடைக்கவில்லை. அது இல்லாமல் வாசிப்பில் எந்தக் குறையும் இல்லை, அதன் இரண்டு திருகுத் துளைகள் காலியாகவே இருக்கின்றன. அளவு ஒத்த மூடி கிடைத்தால் அவற்றிலேயே பொருத்திக்கொள்ளலாம். கழற்றிய கன்ட்ரோல், பிளந்த நட், விரிந்த ஜாக் தகடு, அரித்த கம்பியின் மிச்சம் ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, அளவு வரைபடத்தின் படியோடும், எந்தப் பாகம் எந்தப் பட்டறையில் எந்தக் கம்பியாலும் உலோகத்தாலும் செய்யப்பட்டது என்ற குறிப்போடும் கிதார் பெட்டிக்குள் வைத்து உரிமையாளரிடம் ஒப்படைத்தேன். அளவு வரைபடத்தின் மூலப்படி என் பட்டறையில் இருக்கிறது. இதே வகைக் கருவிக்குக் கீயோ சேடிலோ தேடுபவர்கள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.